நிறை சரி, சர்க்கரை தவறு: கிளைக்கான் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

புரதத்தின் மாஸ் ஸ்பெக்ட்ரம் (மூலக்கூறுகளின் நிறையைப் பீக்குகளாகக் காட்டும் வரைபடம்) பார்த்துப் பழகியவர்கள் கிளைக்கான் பக்கம், அதாவது புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் பக்கம், வந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நிறை பொருந்திவிட்டால் அமைப்பும் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெப்டைடில் (புரதத் துண்டில்) அது ஓரளவு செல்லும். லூசின், ஐசோலூசின் ஜோடியை விட்டால் அமினோ அமிலங்களுக்கு வெவ்வேறு நிறை. ஒரே வகைப் பிணைப்பில் நேர்கோட்டில் கோத்திருக்கும். சர்க்கரையில் அந்த வசதி எதுவும் கிடையாது. குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ் மூன்றுமே சங்கிலியில் கோத்தபின் 162.0528 டால்டன். எந்தக் கார்பனில் இணைந்தது, ஆல்ஃபாவா பீட்டாவா, எங்கே கிளைத்தது, இவை எதுவும் நிறையில் தெரியாது. ஆறு சர்க்கரை கொண்ட ஒரு துண்டுக்கு 1.05 லட்சம் கோடி மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) சாத்தியம் என்று ரோஜர் லைன் 1994-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்.

உயிரினங்கள் அதில் மிகச் சிலவற்றை மட்டுமே உருவாக்குகின்றன. அதனால்தான் நம் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நாம் வரையும் கிளைக்கான் படத்தில் பாதிக் கோடுகள் ஸ்பெக்ட்ரம் காட்டியவை. மீதிப் பாதி, 'செல் இப்படித்தான் செய்யும்' என்ற முன்னறிவிலிருந்து நாம் போட்டவை. எந்தக் கோடு எந்த வகை என்று உங்களுக்கே தெரியாமல் போகும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறோம்.

பிஎன்கேஸ் எஃப் நொதியால் புரதத்திலிருந்து வெட்டிய என்-கிளைக்கான்களை (ஆஸ்பரஜினில் ஒட்டியவை) மால்டி-டாஃப் கருவியிலோ (லேசரால் அயனியாக்கி, பறக்கும் நேரத்தால் நிறை அளப்பது) எல்சி-எம்எஸ்ஸிலோ (திரவப் பத்தியில் பிரித்தபின் நிறை அளப்பது) பார்ப்பதாக வைத்துக்கொள்கிறேன். கிளைக்கோபெப்டைடு (சர்க்கரை இன்னும் ஒட்டியிருக்கும் பெப்டைடு) சமாசாரம் பின்பாதியில் வருகிறது. எண்கள் அனைத்தும் மோனோஐசோடோப்பிக் நிறை (ஒவ்வொரு தனிமத்திலும் மிகுதியான ஐசோடோப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டது). மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ள: ஹெக்சோஸ் (குளுக்கோஸ், கேலக்டோஸ், மேனோஸ் வகை) 162.0528, ஹெக்ஸ்நாக் (குளுக்நாக், கேல்நாக் வகை) 203.0794, ஃபியூகோஸ் 146.0579, சயாலிக் அமிலங்களான நியூஏசி 291.0954, நியூஜிசி 307.0903, சைலோஸ் 132.0423. கூட்டி முடித்தபின் ஒரு நீர் 18.0106, சோடியம் அயனி என்றால் இன்னொரு 22.9892.

அறிகுறி: பீக்கே வரவில்லை

கருவியைக் குறை சொல்வதற்கு முன் நொதி வெட்டியதா என்று பாருங்கள். எஸ்டிஎஸ் டிடர்ஜெண்ட் போட்டுப் புரதத்தை விரித்துவிட்டு, அதன் தாக்கத்தை அடக்கும் என்பி-40 சேர்க்க மறந்தால் பிஎன்கேஸ் எஃப் செயலிழந்துவிடும். நொதி போட்ட மாதிரி, போடாத மாதிரி இரண்டையும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால் போதும். பட்டை கீழே இறங்கியிருந்தால் வெட்டு நடந்திருக்கிறது.

தாவரப் புரதமோ பூச்சி செல்லில் உண்டாக்கிய புரதமோ என்றால் வேறு காரணம் இருக்கலாம். கோர் பகுதியின் (எல்லா என்-கிளைக்கானுக்கும் பொதுவான அடிப்பகுதி) முதல் குளுக்நாக்கில் ஆல்ஃபா 1,3 ஃபியூகோஸ் இருந்தால் பிஎன்கேஸ் எஃப் அதைத் தொடாது. பிஎன்கேஸ் ஏ வேண்டும். இதற்குக் குதிரை முள்ளங்கிப் பெராக்சிடேஸ் நல்ல சோதனை மாதிரி. சைலோஸும் ஃபியூகோஸும் சேர்ந்த அதன் முக்கியக் கிளைக்கான், சோடியத்தோடு 1211.42-ல் வந்து நிற்க வேண்டும்.

நடுநிலைக் கிளைக்கான்கள் வந்து, சயாலிக் அமிலம் உள்ளவை மட்டும் வரவில்லை என்றால், அவை இன்னும் கிராஃபைட் கார்பன் கார்ட்ரிட்ஜிலேயே உட்கார்ந்திருக்கின்றன. கழுவி இறக்கும் அசிட்டோநைட்ரைலில் 0.05 முதல் 0.1 சதவீதம் டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) சேர்க்க வேண்டும்.

அறிகுறி: 162 டால்டன் இடைவெளியில் அழகான ஏணி

மேனோஸ் மிகுந்த கிளைக்கான் என்று மகிழ்வதற்கு முன் ஏணியின் அடிப்படியைப் பாருங்கள். மேனோஸ்-5 (ஐந்து மேனோஸ், இரண்டு ஹெக்ஸ்நாக்) என்றால் சோடியத்தோடு 1257.42, அடுத்த படி 1419.48. உங்கள் ஏணி 851.26, 1013.32, 1175.37, 1337.42 என்று போனால் அதில் ஹெக்ஸ்நாக்கே கிடையாது. வெறும் குளுக்கோஸ் சங்கிலி. டெக்ஸ்ட்ரான் ஜெல் பத்தி, செல்லுலோஸ் வடிகட்டி, துடைக்கும் காகிதம், புரதத்தை உலர்த்தும்போது சேர்த்த மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஏதோ ஒன்றிலிருந்து வந்தது. புரதம் போடாத வெற்று மாதிரி ஒன்றை முதல் படியிலிருந்தே கூட ஓட்டினால் இது ஒரே நாளில் தீரும் பிரச்சினை. இடைவெளி 44.03 என்றால் சர்க்கரையே இல்லை, பாலிஎத்திலீன் கிளைக்கால், டிடர்ஜெண்டைத் தேடுங்கள்.

அறிகுறி: ஆண்டிபாடியில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஃபியூகோஸ் இல்லாத கிளைக்கான்

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். இதில் பணமும் மருந்தும் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஐஜிஜி ஆண்டிபாடியின் எஃப்சி (வால்) பகுதிக் கிளைக்கானில் கோர் ஃபியூகோஸ் இல்லாவிட்டால் அது நோயெதிர்ப்பு செல்களின் ஏற்பியை அதிக வலுவோடு பற்றும். இலக்கு செல்லைக் கொல்லும் திறன் கூடும். மொகாமுலிசுமாப், ஒபினுடுசுமாப் போன்ற மருந்துகளில் அதற்காகவே ஃபியூகோஸைத் திட்டமிட்டுக் குறைத்திருக்கிறார்கள். ஆக, அந்தச் சதவீதம் தப்பாகப் போனால் ஒரு முழு உற்பத்தித் தொகுதியைப் பற்றிய முடிவே தப்பாகப் போகும்.

ஐஜிஜி-யில் முக்கியமானது ஜி0எஃப் (ஜி-க்குப் பின் வரும் எண் கேலக்டோஸ் எத்தனை என்பது, எஃப் என்றால் கோர் ஃபியூகோஸ் உண்டு). சோடியத்தோடு 1485.53. அதே கிளைக்கான் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைப் பிடித்தால் 1501.51. இப்போது ஃபியூகோஸ் இல்லாத ஜி1 கிளைக்கானின் சோடிய அயனியைக் கணக்கிடுங்கள்: ஹெக்சோஸ் நான்கு, ஹெக்ஸ்நாக் நான்கு, கூட்டினால் 1501.53. இரண்டுக்கும் இடையே 0.021 டால்டன், அதாவது 14 பிபிஎம் (பத்து லட்சத்தில் 14 பங்கு). சாதாரண மால்டி-டாஃப் கருவியில் இரண்டும் ஒரே பீக்காக விழும். மென்பொருளோ '1501.5, ஃபியூகோஸ் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும்.

இது தற்செயல் இல்லை. ஹெக்சோஸுக்கும் ஃபியூகோஸுக்கும் இடையே ஒரு ஆக்சிஜன், 15.9949. பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் இடையே 15.9739. எனவே ஃபியூகோஸ் உள்ள எந்தக் கிளைக்கானும் பொட்டாசியம் பிடித்தால், ஃபியூகோஸுக்குப் பதில் ஹெக்சோஸ் உள்ள இன்னொன்றாக வேஷம் போடும். நியூஏசி, நியூஜிசி ஜோடிக்கும் இதே வித்தியாசம்தான். அங்கும் இதே ஏமாற்று.

சோதிக்க ஒரு எளிய வழி: அதே ஸ்பெக்ட்ரத்தில் மேனோஸ்-5 இருக்கும். அதன் சோடிய அயனி 1257.42, பொட்டாசிய அயனி 1273.40. மேனோஸ்-5-இல் ஃபியூகோஸ் கிடையாது, 1273.40-ல் அதே நிறையில் ஐஜிஜி-யில் எதிர்பார்க்கத்தக்க வேறு கிளைக்கானும் கிடையாது. எனவே அங்கே தெரியும் உயர விகிதம்தான் உங்கள் பொட்டாசியப் பங்கு. 1257-இன் பத்தில் ஒரு பங்கு 1273-இல் தெரிந்தால், 1485-இன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு 1501-இலும் பொட்டாசியத்தால்தான் வந்திருக்கிறது. மீதியே உண்மையான ஜி1.

விகிதம் பார்த்து ஒத்துப்போவதைவிடப் பொட்டாசியத்தை ஒழிப்பது மேல். கண்ணாடிக் குப்பிகளை விட்டுப் பாலிபுரோப்பிலீனுக்கு மாறுங்கள். பொட்டாசிய பஃபர்களைத் தவிருங்கள். டிஎச்பி மேட்ரிக்ஸில் (மால்டியில் மாதிரியோடு கலக்கும் பொருள்) சுமார் 1 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்தால் எல்லாக் கிளைக்கானும் ஒரே அயனிக்கு வந்துவிடும். 2-ஏபி என்ற ஒளிரும் சாயம் ஏற்றி எல்சி-யில் பிரித்தால் இந்தச் சண்டையே இல்லை. ஜி0எஃப் ஒரு நேரத்திலும் ஜி1 வேறு நேரத்திலும் இறங்கும்.

அறிகுறி: எல்லாமே ஒரு டால்டன் தள்ளி நிற்கிறது

எந்தப் பக்கம் தள்ளியது என்பதைப் பொறுத்தது. எல்லாப் பீக்குக்கும் கீழே 0.984 குறைந்து ஒரு துணைப் பீக் வந்தால், அது கிளைக்கோசைல் அமீன். பிஎன்கேஸ் எஃப் வெட்டியவுடன் முனையில் அமீன்தான் இருக்கும்; பிறகு நீரில் மெல்ல மாறும். லேசான அமிலத்தில், ஒரு சதவீதம் ஃபார்மிக் அமிலம் போல, கொஞ்ச நேரம் வைத்தால் சரியாகிவிடும். இதைச் செய்யாமல் 2-ஏபி சாயத்துக்குப் போனால் சாயம் முழுதாக ஏறாது, ஏனென்றால் அது திறந்த ஆல்டிஹைடைத்தான் பிடிக்கும்.

ஒரு சில பீக்குகள் மட்டும் மேலே ஒரு டால்டன் தள்ளினால் அது வேறு கதை. இரண்டு ஃபியூகோஸ் 292.1158, ஒரு நியூஏசி 291.0954. பெரிய மூலக்கூறில் முதல் ஐசோடோப்புப் பீக் (கனமான ஐசோடோப்பு எதுவும் இல்லாதது) குட்டையாகிவிடும். மென்பொருள் இரண்டாவதை முதலாவது என்று எடுத்துக்கொண்டால், சயாலிக் அமிலம் உள்ள கிளைக்கான் இரண்டு ஃபியூகோஸ் உள்ளதாக அறிக்கையில் வரும். உண்மையான வித்தியாசம் வெறும் 0.017 டால்டன். 2000 டால்டனில் அது 8.5 பிபிஎம், 4000 டால்டன் கிளைக்கோபெப்டைடில் 4 பிபிஎம்மைக் கொஞ்சம் தாண்டும். கருவியின் துல்லியத்தை நம்பி வாதாடுவதைவிட எம்எஸ்/எம்எஸ்-ஐ (அயனியை உடைத்து எடுத்த துண்டுகளின் ஸ்பெக்ட்ரத்தை) திறந்து பார்ப்பது சுலபம். 274.092-ம் 292.103-ம் இருந்தால் அங்கே நியூஏசி இருக்கிறது. இரண்டுமே இல்லாத ஸ்பெக்ட்ரத்துக்கு நியூஏசி எழுதியிருந்தால், அந்த வரியைச் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

அறிகுறி: சயாலிக் அமிலம் காணாமல் போகிறது, அல்லது ஒன்று மூன்றாகப் பிரிகிறது

இரண்டு நியூஏசி உள்ள இருகிளைக் கிளைக்கான் சோடியத்தோடு 2245.77. அதற்கு மேலே 2267.75, 2289.74 வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு கார்பாக்சிலும் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துச் சோடியத்தை வாங்கியிருக்கிறது. கீழே 291 குறைந்து 1954.68-ல் வருவதுதான் சிக்கல். அது மாதிரியிலேயே இருந்த ஒரு சயாலிக் கிளைக்கானா, கருவிக்குள் உதிர்ந்ததா?

எல்சி இருந்தால் நேரத்தைப் பாருங்கள். தாய் அயனியோடு நொடி பிசகாமல் சேர்ந்து இறங்கினால், உதிர்ந்தது அயனி மூலத்தில். கோன் மின்னழுத்தத்தைக் குறையுங்கள். தனி நேரத்தில் இறங்கினால் அது மாதிரியில் இருப்பது. இயல்பாக இருப்பதாகவும் இருக்கலாம், டிஎஃப்ஏ-வோடு சூடாக்கி உலர்த்தியதில் உதிர்ந்ததாகவும் இருக்கலாம். மால்டியில் நேரம் என்ற சாட்சி கிடையாது. 'சூடான' (அயனிக்கு அதிக ஆற்றல் ஏற்றும்) சிஎச்சிஏ மேட்ரிக்ஸை விட்டு டிஎச்பி-க்கு மாறுங்கள், லேசரைக் குறையுங்கள். விகிதம் மாறினால் உதிர்வு கருவியில் நடக்கிறது. ரிஃப்ளெக்ட்ரான் முறையில், பறக்கும் வழியில் உடைந்தவை கணக்குக்குப் பொருந்தாத இடத்தில் அகலமான மேடாகத் தெரியும். அதுவும் ஒரு துப்பு.

நிரந்தரத் தீர்வு கார்பாக்சிலை மூடிவிடுவது. எத்தனாலில் இடிசி, எச்ஓபிடி என்ற வினைப்பொருள்கள் இரண்டும் சேர்த்து வினைபுரியச் செய்தால் உதிர்வு அடங்குவதோடு இன்னொன்றும் கிடைக்கும். ஆல்ஃபா 2,6 பிணைப்பில் உள்ள சயாலிக் அமிலம் எத்தில் எஸ்டராகி 28.03 கூடும், ஆல்ஃபா 2,3 பக்கத்துக் கேலக்டோஸோடு வளையம் போட்டு லாக்டோனாகி 18.01 குறையும். நிறையில் தெரியாத ஒன்று நிறையாக மாறி வருகிறது. மேலே சொன்ன 2245.77, இரண்டும் 2,6 என்றால் 2301.83-க்குப் போகும், இரண்டும் 2,3 என்றால் 2209.75-க்கு வரும், ஒன்றுக்கு ஒன்று என்றால் 2255.79. மனித இன்ஃப்ளுயென்சா வைரஸ் 2,6-ஐயும் பறவை வைரஸ் 2,3-ஐயும் நாடுவது தெரிந்தவர்களுக்கு இந்த 46 டால்டன் வித்தியாசத்தின் அருமை புரியும். இரண்டு எச்சரிக்கை: லாக்டோன் காரத்தில் திறந்துகொள்ளும், ஆகவே சுத்திகரிப்பில் அமோனியா வேண்டாம். சயாலிக் அமிலத்தோடு சயாலிக் அமிலம் சேர்ந்த ஆல்ஃபா 2,8-உம் லாக்டோன்தான் ஆகும். 18 குறைந்ததாலேயே 2,3 என்று முடிவு கட்டாதீர்கள்.

அறிகுறி: பெர்மெத்திலேஷனுக்குப் பிறகு 14 டால்டன் குறைந்து வால்

பெர்மெத்திலேஷன் என்றால் ஹைட்ராக்சில் முதலிய எல்லா இடத்திலும் மெத்தில் ஏற்றுவது. மேனோஸ்-5 முழுதாக மெத்தில் ஏறினால் சோடியத்தோடு 1579.78. கூடவே 1565.77, 1551.75 என்று வால் நீண்டால் ஈரம் புகுந்திருக்கிறது. டிஎம்எஸ்ஓ பழையது, சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து நீர் வாங்கியது, மாதிரி முழுதாக உலரவில்லை, மூன்றில் ஒன்று. உலர்த்திவிட்டு இன்னொரு முறை வினையை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். மெத்தில் அயோடைடு நச்சு. ஃபியூம் ஹுட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். ஓ-அசிட்டைல் (சயாலிக் அமிலத்தில் வரும் சிறு ஒட்டு) தேடுகிறீர்கள் என்றால் இந்த வழிக்கே வராதீர்கள். காரம் அதை அடியோடு கழற்றிவிடும். பிறகு 'மாதிரியில் ஓ-அசிட்டைல் இல்லை' என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை.

அறிகுறி: ஒரே நிறை, இரண்டு எல்சி பீக்

மாற்றியம் என்று எழுத ஆசையாக இருக்கும். முதலில் மற்ற கிளைக்கான்களைப் பாருங்கள். எல்லாமே ஜோடி ஜோடியாக வந்தால் அவை ஆல்ஃபா, பீட்டா அனோமர்கள். ஒடுக்காத முனை இரண்டு வடிவத்திலும் இருக்கும், கார்பன் பத்தி இரண்டையும் பிரித்துக் காட்டும். சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்குங்கள், நிறை 2.016 கூடி, ஜோடி ஒன்றாகிவிடும். ஒடுக்கிய பிறகும் இரண்டாக நின்றால்தான் மாற்றியம்.

கையில் எடுத்துப் பார்க்க நல்ல உதாரணம் ஐஜிஜி-யின் ஜி1எஃப், சோடியத்தோடு 1647.59. ஒரே ஒரு கேலக்டோஸ்; அது 1,6 கையில் (நடு மேனோஸில் 1,6 பிணைப்பால் இணைந்த கிளையில்) இருக்கலாம், 1,3 கையில் இருக்கலாம். 2-ஏபி சாயத்தோடு ஹிலிக் (நீர்நாட்டப் பொருள்களைப் பிடித்து வைக்கும்) பத்தியில் ஓட்டினால் 1,6 முதலில் இறங்கும், அதுவே பெரிய பீக். பீக் வரிசையை வைத்தே சொல்லிவிடலாம் என்றாலும், புதிய மாதிரியில் ஒரு முறையாவது உடைத்துப் பார்த்துவிடுங்கள். எதிர்மின் அயனியாக உடைத்தால் டி அயனி என்று ஒன்று வரும். நடு மேனோஸும் 1,6 கையும் மட்டும் சேர்ந்த துண்டு. அது 688.2-ல் வந்தால் கேலக்டோஸ் 1,6 கையில். 526.2-ல் வந்தால் 1,6 கை காலி, கேலக்டோஸ் எதிர்க் கையில். நேர்மின் அயனியில் புரோட்டானோடு உடைத்தால் இந்த வித்தியாசம் இவ்வளவு துலக்கமாக வராது.

இதே டி அயனி இன்னொரு தலைவலியையும் தீர்க்கும். 1688.61-ல் ஹெக்சோஸ் மூன்று, ஹெக்ஸ்நாக் ஐந்து, ஃபியூகோஸ் ஒன்று. நடு மேனோஸில் குளுக்நாக் ஒட்டிய பைசெக்டிங் கிளைக்கானா, மூன்று கிளையா, ஒரு கையில் லாக்டைநாக் (கேல்நாக், குளுக்நாக் ஜோடி) தொங்குகிறதா? மூன்றுக்கும் ஒரே நிறை. பைசெக்டிங் என்றால் டி அயனி இருக்கும் இடத்தில் இல்லாமல், 221 குறைந்து வரும். கிளைக்கோபெப்டைடாகப் பார்க்கும்போது 407.17 பலமாக வந்தால் லாக்டைநாக்கை நினையுங்கள். மென்பொருள் பைசெக்டிங் என்று படம் போட்டதற்குத் தரவுத்தளத்தில் அது முதல் வரியில் இருந்தது மட்டுமே காரணமாக இருக்கக்கூடும்.

அயன் மொபிலிட்டி (அயனிகளை வடிவத்தால் பிரிப்பது) வசதி உள்ள கருவி இருந்தால் நல்லது. ஆனால் ஒப்பிட அசல் மாதிரி கையில் இல்லாமல் பிரிந்த இரண்டு மேடுகளுக்குப் பெயர் வைக்க முடியாது.

அறிகுறி: ஃபியூகோஸ் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது

கிளைக்கோபெப்டைடை உடைத்தீர்கள். 512.197 வந்தது; ஹெக்சோஸ், ஹெக்ஸ்நாக், ஃபியூகோஸ் சேர்ந்த துண்டு. ஃபியூகோஸ் கிளையில் இருக்கிறது, லூயிஸ் வகை (கிளையில் ஃபியூகோஸ் உள்ள அமைப்பு) என்று எழுதிவிட்டீர்கள். ஆனால் அதே ஸ்பெக்ட்ரத்தில் பெப்டைடோடு 349.137 கூடிய பீக்கும் இருக்கிறது. அது கோர் ஃபியூகோஸ். கிளைக்கானின் மொத்த நிறைக் கணக்கிலோ ஃபியூகோஸ் ஒன்றே ஒன்று.

பெரும்பாலும் இரண்டு மாற்றியம் இல்லை. ஃபியூகோஸ் இடம் மாறுகிறது. புரோட்டான் ஏறிய அயனியில், உடையும் முன்பே ஃபியூகோஸ் தன் பிணைப்பை விட்டு மூலக்கூறின் இன்னொரு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உடைந்த துண்டு நமக்குச் சொல்வது புது முகவரியை. பல குழுக்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதியிருக்கின்றன. அப்படியும் 512 ஒன்றைச் சாட்சியாக வைத்து லூயிஸ் கட்டமைப்பு வரைவது நின்றபாடில்லை.

சோடியம் பிடித்த அயனியில் இந்தத் தாவல் நடப்பதில்லை. வெட்டிய கிளைக்கானைச் சோடியத்தோடு உடைத்துப் பாருங்கள். எதிர்மின் முறையும் உதவும். இரண்டும் முடியாவிட்டால் நொதி: பாதாம் ஃபியூகோசிடேஸ் கிளையின் ஆல்ஃபா 1,3, 1,4 ஃபியூகோஸைத்தான் எடுக்கும், மாட்டுச் சிறுநீரக ஃபியூகோசிடேஸ் கோர் ஆல்ஃபா 1,6-ஐ நன்றாக எடுக்கும். எதில் 146.06 இறங்கியது என்பதில் தாவலுக்கு இடமில்லை, ஏனென்றால் அது கரைசலில் நடந்தது.

அறிகுறி: மனித மாதிரியில் நியூஜிசி

மனிதர்களுக்கு நியூஏசி-யை நியூஜிசி-யாக மாற்றும் சிஎம்ஏஎச் மரபணு வேலை செய்வதில்லை. ஆகவே இப்படி ஒரு வரி வந்தால் முதல் சந்தேகம் கணக்கின் மேல் வர வேண்டும். நியூஜிசி ஒன்றும் ஃபியூகோஸ் ஒன்றும் சேர்ந்தால் 453.1482. நியூஏசி ஒன்றும் ஹெக்சோஸ் ஒன்றும் சேர்ந்தாலும் அதே 453.1482. பிபிஎம் வித்தியாசம் சுழியம். எந்தக் கருவியும் பிரிக்காது. எம்எஸ்/எம்எஸ்-இல் 308.098-ம் 290.087-ம் இருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள். இருந்தால், செல்களை மாட்டுக் கருச் சீரத்தில் வளர்த்தார்களா என்று கேளுங்கள்.

மருந்துப் புரதங்களில் இது நிஜமாகவே வரும். எலியின் எஸ்பி2/0 செல்களில் தயாரான செடுக்சிமாப் ஆண்டிபாடியில் நியூஜிசி-யும் உண்டு, கேலக்டோஸ் மேல் ஆல்ஃபா 1,3 கேலக்டோஸும் உண்டு. அந்த ஆல்ஃபா-கேல் மீது ஏற்கெனவே ஐஜிஇ (ஒவ்வாமை ஆண்டிபாடி) வைத்திருந்த நோயாளிகளுக்கு முதல் டோஸிலேயே கடும் ஒவ்வாமை வந்த காரணம் 2008-ல் வெளியானது. நிறை அளவில் ஆல்ஃபா-கேல் என்பது இன்னொரு 162.05, அவ்வளவுதான். ஹைப்ரிட் கிளைக்கானின் கூடுதல் மேனோஸும் அதே 162.05. பச்சைக் காப்பிக்கொட்டை ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் போட்டு, 162.05 இறங்குகிறதா என்று பார்த்த பிறகே பெயர் வையுங்கள்.

அறிகுறி: கிளைக்கோபெப்டைடு மென்பொருள் நல்ல மதிப்பெண் தருகிறது, ஆனால் உயிரியல் இடிக்கிறது

மென்பொருள் கூட்டல் கணக்கில் தேர்ந்தது. அயோடோஅசிட்டமைடு அளவுக்கு மீறினால் சிஸ்டீன் தவிர மற்ற இடங்களிலும் ஒட்டி 57.0215 கூட்டும். அதோடு ஒரு ஃபியூகோஸ் சேர்த்தால் 203.0794, அணு பிசகாமல் ஒரு ஹெக்ஸ்நாக். மெத்தியோனின் ஆக்சிஜன் ஏறினால் 15.9949, அதோடு ஃபியூகோஸ் சேர்ந்தால் ஹெக்சோஸ். இரண்டு கிளைக்கான் விடைகளுக்கு நடுவே மதிப்பெண் கொஞ்சம்தான் வேறுபட்டால் பெப்டைடு துண்டுகளைப் பாருங்கள். 57-உம் 16-உம் சர்க்கரை உதிர்ந்த பின்னும் பெப்டைடோடு நிற்கும்.

ஹெக்ஸ்நாக் எது என்பதில் ஓரளவு துப்பு கிடைக்கும். 138.055-ம் 168.066-ம் ஓங்கியிருந்தால் குளுக்நாக், 126.055-ம் 144.066-ம் ஓங்கியிருந்தால் கேல்நாக். கிளைக்கானில் இரண்டும் கலந்திருந்தால் விகிதமும் கலந்துதான் வரும்.

ஓ-கிளைக்கான் இருக்கும் செரின், திரியோனின் எது என்று எச்சிடி (மோதி உடைக்கும் முறை) ஸ்பெக்ட்ரம் சொல்லியதாக அறிக்கை வந்தால் நம்ப வேண்டாம். எச்சிடி-யில் பெப்டைடு முதுகெலும்பு உடையும் முன்பே சர்க்கரை கழன்றுவிடும். எலக்ட்ரானைக் கொடுத்து உடைக்கும் ஈடிடி அல்லது ஈடிஎச்சிடி வேண்டும். ஆக்கர்மேன்சியா மியூசினிஃபிலா பாக்டீரியாவின் ஓ-புரோட்டியேஸ், சர்க்கரை உள்ள செரின் அல்லது திரியோனினுக்கு முன்னாலேயே வெட்டுவதால் அதுவும் கைகொடுக்கும்.

பிஎன்கேஸ் எஃப் போட்டபின் ஆஸ்பரஜின் ஆஸ்பார்டிக் ஆகி 0.984 கூடுவதை வைத்து என்-கிளைக்கான் இடம் குறிப்பவர்கள் ஆக்சிஜன்-18 கொண்ட நீரில் வெட்டுங்கள். அப்போது 2.988 கூடும், தானாக நடந்த டீஅமிடேஷன் பெரும்பாலும் பழைய 0.984-லேயே நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: 80 டால்டன் கூடுதல்

சல்ஃபேட் 79.9568, பாஸ்பேட் 79.9663. நடுவே பத்து மில்லிடால்டன்கூட இல்லை. 243.026 வந்தால் பாஸ்பேட் ஏறிய ஹெக்சோஸ், லைசோசோம் நொதிகளின் மேனோஸ்-6-பாஸ்பேட்டாக இருக்கலாம். 284.044 வந்தால் சல்ஃபேட் ஏறிய ஹெக்ஸ்நாக். சல்ஃபேட் நேர்மின் முறையில் எளிதில் கழன்றுவிடும். எதிர்மின்னுக்கு மாறிப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, பிணைப்பு இன்னும் தெரியவில்லை

பெர்மெத்திலேஷன் செய்து, அமிலத்தில் முழுதாக உடைத்து, ஒடுக்கி, அசிட்டைல் ஏற்றி ஜிசி-எம்எஸ்ஸில் (வாயுப் பத்தியில் பிரித்து நிறை அளப்பது) ஓட்டினால் எந்தக் கார்பன்கள் பிணைப்பில் இருந்தன என்று தெரியும். கேலக்டோஸா மேனோஸா என்பதும் இறங்கும் நேரத்தில் தெரியும். ஆனால் கலவை முழுவதையும் சேர்த்து உடைப்பதால், எந்தப் பிணைப்பு எந்தக் கிளைக்கானுக்குச் சொந்தம் என்பது தொலைந்துபோகும். முதலிலேயே பிரித்துச் சேகரித்த பீக்காக இருந்தால்தான் பலன். ஆல்ஃபாவா பீட்டாவா என்பதற்கு நொதி வரிசையோ என்எம்ஆரோதான். என்எம்ஆருக்குத் தேவைப்படும் அளவு மாதிரி பெரும்பாலும் கையில் இருக்காது.

இருக்காதபோது, எந்தச் சர்க்கரை வகை எத்தனை என்ற கணக்கை மட்டும் எழுதிப் படத்தில் நிறத்தை எடுத்துவிடுங்கள். எஸ்என்எஃப்ஜி என்ற கிளைக்கான் படக் குறியீட்டில் எந்த ஹெக்சோஸ் என்று தெரியாததற்கு வெள்ளை வட்டம், எந்த ஹெக்ஸ்நாக் என்று தெரியாததற்கு வெள்ளைச் சதுரம் என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். கிளைடூகேன் களஞ்சியமும் பிணைப்பு தெரியாத அந்தக் கணக்குக்கு எண் கொடுத்துப் பதிவு செய்கிறது. பெரும்பாலான மென்பொருள்களில் பச்சை, மஞ்சள் வட்டங்கள் தாமாகவே வந்து உட்காரும். ஏற்றுமதி செய்யும் முன் கையால் மாற்ற வேண்டியிருக்கும்.